அக்கரைத் தீ

டூனிவர் ஊரில் ஒருத்தியை ஆத்திரம் தீரத் திட்ட வேண்டுமென்றால் "உன் அடுப்பு அணைஞ்சு போக" என்றால் போதும். அதற்கு மேல் ஒரு வசவு அந்தக் கரையில் கிடையாது. வாங்கிக் கட்டிக்கொண்டவள் இரண்டு நாளைக்குச் சோறு தண்ணி இல்லாமல் கிடப்பாள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு, நடுவில் கல்லும் காற்றுமாகக் கிடந்த ஊர் அது. மரம் என்று சொல்ல ஒரு குச்சி கிடையாது. சதுப்பில் கரிமண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, அடுக்கி, கோடை முழுக்கக் காற்றில் காயவைத்துக் கொண்டுவந்தால்தான் வருடத்துக்கு எரிக்கலாம். மழையோ வருடத்தில் முந்நூறு நாள். அங்கே தீ என்பது மாட்டைவிடப் பெரிய சொத்து.

நாப்லா லவெல் அந்த வீட்டுக்கு மருமகளாய் வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் மாமியார் வந்தபோதும் எரிந்துகொண்டிருந்ததாம். அதற்கு முன்னால் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. தினமும் படுக்கப் போகுமுன் கங்குகளை ஒன்றாக ஒதுக்கி, மேலே சாம்பலைப் போர்த்தி, சிலுவை போட்டுவிட்டுப் படுப்பாள். காலையில் சாம்பலை விலக்கினால் நீறு பூத்த நெருப்பு சிவந்து கண் விழிக்கும். நாலு கட்டியைச் சாத்தினால் வீடு விழித்துக்கொள்ளும்.

அவள் புருஷன் ஃபெஸ்டி, ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறாம் வருடம் ஜூன் மாதத்தில், எல்லா வருடமும் போகிற மாதிரி ஸ்காட்லாந்துக்கு அறுப்பு வேலைக்குப் போனான். அரிவாளைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று அவன் சொன்னது இதுதான்:

"தீயப் பாத்துக்க. அறுப்பு முடிஞ்சு மேட்டு மேல வந்து நின்னு கீழ பாப்பேன். அத்தன வீட்டுப் புகையிலயும் நம்ம வீட்டுப் புகை எனக்குத் தனியாத் தெரியும்."

"அதெப்படித் தெரியுமாம்?"

"அதுல ஒரு திமிரு இருக்கும். உன்ன மாதிரி."

அவள் அடுப்புத் துணியை அவன்மேல் எறிந்தாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். அந்த ஆகஸ்டில்தான் வயல் முழுக்க உருளைக்கிழங்கு அழுகியது. ஒரே வாரத்தில் பச்சையெல்லாம் கருகி, நாற்றம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நவம்பரில் அறுப்புக்குப் போனவர்களெல்லாம் திரும்பினார்கள். ஃபெஸ்டி வரவில்லை. கிழங்கு போன சேதி கேட்டதும், வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் என்ன செய்ய என்று ரயில் பாதை போடுகிற வேலைக்குத் தெற்கே போய்விட்டான் என்று கூடப் போனவன் ஒருவன் சொன்னான். அதோடு சரி. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

ஒன்றே முக்கால் வருடம் நாப்லா பசியோடு போராடியதைவிட அந்தத் தீயோடு போராடியதுதான் அதிகம். கரிமண் வெட்ட ஆம்பிளை இல்லை. அவளே வெட்டினாள். முழங்கால் வரை கறுப்புத் தண்ணீரில் நின்று வெட்டி, வயிற்றில் ஒன்றுமில்லாமல் முதுகில் சுமந்தாள். கொதிக்கவைக்கப் பானையில் எதுவும் இல்லாத நாட்களிலும் அடுப்பில் தீ இருந்தது. பார்த்தவர்கள் "இவளுக்குப் பைத்தியம்" என்றார்கள். பைத்தியம்தான். அவன் மேட்டில் வந்து நிற்கும்போது கீழே புகை இல்லாமல் போனால், அந்த வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவானே என்பதுதான் அவள் பயம்.

இப்போது நாற்பத்தெட்டாம் வருடம் ஏப்ரல் கடைசி. ஊரில் இருந்த பதினாலு வீட்டில் பதிமூன்று மண்மேடாகிவிட்டன. ஜமீன் அந்த நிலம் முழுக்க ஆடு விடப்போகிறதாம். தகராறு செய்யாமல் வெளியேறினால் கனடாவுக்குக் கப்பல் சீட்டு, இல்லாவிட்டால் நடுத்தெரு. மகள் ஊனாவுக்குப் பத்து வயது. பார்த்தால் ஏழு என்பார்கள். அந்தப் பிள்ளையின் கால் ஈர்க்குச்சி மாதிரி ஆனதைப் பார்த்தபிறகுதான் நாப்லா ஜமீன் காரியஸ்தர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டாள். மே மாதத் தொடக்கத்தில் வீட்டைக் காலி செய்ய ஆள் வரும், வண்டியும் வரும் என்றார்கள்.

ஏப்ரல் கடைசி நாளன்று காலை, கடல் வற்றியிருந்தபோது தாயும் மகளும் பாறையில் சிப்பி பெயர்க்கப் போனார்கள். பாறையோடு ஒட்டிக் கிடக்கும் அந்தச் சிப்பியை, அது சுதாரிக்கும் முன் கல்லால் ஒரே தட்டாகத் தட்ட வேண்டும். தவறினால் பிறகு கடப்பாரை போட்டாலும் வராது.

"அம்மா, கப்பல்ல அடுப்பு இருக்குமா?"

"இருக்கும். நம்மகிட்ட குடுக்க மாட்டான்."

"அப்ப நம்ம தீ?"

நாப்லா ஒரு சிப்பியைத் தட்டினாள். அது தவறியது.

"எல்லாரும் ஓனோரா பெரியம்மைட்ட குடுத்துட்டுத்தான போனாங்க. கான் வீட்டுத் தீ, பேடன் வீட்டுத் தீ, எல்லாம் அங்கதான் இருக்கு. நாமளும் குடுத்துட்டுப் போவோம்மா. அப்பா வந்தா பெரியம்மை சொல்லிரும்லா."

பிள்ளை சொன்னது ஊர் வழக்கம்தான். ஊரைவிட்டுப் போகிறவர்கள் தங்கள் அடுப்புக் கங்கைச் சட்டியில் எடுத்துப்போய், இருக்கிறவர் அடுப்பில் சேர்ப்பார்கள். அங்கே அது எரிகிறவரை அவர்கள் வீடு இன்னும் முடிந்துபோகவில்லை என்று அர்த்தம். திரும்பி வரும்போது அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். போனவர்களில் யாராவது திரும்பி வந்தார்களா என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஓடைக்கு அக்கரையில் வேறு ஜமீன். அங்கே ஓனோரா பாரட்டின் வீடு மட்டும் இடிபடாமல் நின்றது. இரக்கமெல்லாம் இல்லை, அந்த ஜமீன் லண்டனில் குடித்துக்கொண்டு கிடந்ததால் இடிக்கச் சொல்ல ஆளில்லை. ஆனாலும் வெளியேற்றப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டால் சேர்த்த வீட்டையும் பிரிக்கலாம் என்று இரண்டு கரைக்கும் பொதுவாக உத்தரவு இருந்தது. ஆளைச் சேர்க்கக் கூடாது. தீயைச் சேர்க்கக் கூடாதென்று எந்த உத்தரவிலும் இல்லை.

"பெரியம்மை வாங்க மாட்டா," என்றாள் நாப்லா.

"ஏன்?"

"நான் ஒரு தடவ குடுக்கல."

அது ஃபெஸ்டி அறுப்புக்குப் போவதற்கு ஒரு மாதம் முந்தி, மே மாதம் முதல் தேதி. அன்றைக்கு எந்த வீட்டிலிருந்தும் தீ வெளியே போகக் கூடாது. பாலோ உப்போ போகக் கூடாது. போனால் அந்த வருடத்து விளைச்சலும் பாலும் அதோடு கிளம்பிப் போய்விடும். முதல் புகை எந்த வீட்டில் எழும்புகிறதென்று சூனியக்காரிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதால், ஒவ்வொரு வீட்டிலும் அடுத்த வீட்டுப் புகைக்காகக் காத்திருந்து பத்து மணிக்குத்தான் கட்டி சாத்துவார்கள். அடுப்பில் புகைக்குழாய் பற்றவைத்த ஆண்பிள்ளை அதைப் புகைத்து முடிக்காமல் வாசல் தாண்டக் கூடாது. அத்தனை கெடுபிடி.

அந்த விடியற்காலையில் ஓனோரா சட்டியைத் தூக்கிக்கொண்டு அரைக்கதவுக்கு வெளியே வந்து நின்றாள். முந்தின நாள் மழையில் அவள் வீட்டுக் கூரை ஒரு பக்கம் இறங்கி, அத்தனை தண்ணீரும் அடுப்பில் விழுந்திருந்தது. அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாப்லா, ரெண்டு கங்கு போடு தாயி. சின்னவளுக்கு மாருல சளி கட்டிக் கிடக்கா. வெந்நி வைக்கணும்."

நாப்லா கதவைத் திறக்கவில்லை. "என்னக்கா, மே மாசம் மொத நாளும் அதுவுமா சட்டியத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன். வேற வழியில்ல."

"நாளைக்கு வாங்க. சட்டி நெறையத் தாரேன்."

"நாளைக்கு வரைக்கும் அவ இருக்கணும்லா?"

"என் வீட்டு அதிர்ஷ்டத்த எடுத்துக் குடுக்கச் சொல்லுதீங்களே, இது நியாயமா? ஊர்ல வேற எவ வீட்டுலயாவது கேட்டீங்களா?"

"கேட்டேன். எல்லாரும் இதத்தான் சொன்னாளுக. நீ வேற மாதிரின்னு நெனச்சேன்."

ஓனோரா சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். உள்ளே ஃபெஸ்டி அடுப்பங்கரையில் குந்தியிருந்தான். குழாயில் புகையிலையைத் திணித்துக்கொண்டே இருந்தான். பிறகு மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். அன்று சாயங்காலம் அவன் கோட்டைத் தூக்கினவள், பையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குத் தீய்ந்த ஓட்டை ஒன்றைப் பார்த்தாள்.

"எரியுற குழாயப் பையில போடுத கோட்டிக்காரன் உலகத்துல உண்டுமா?"

"தூக்கக் கலக்கத்துல போட்டுட்டேன். தச்சுக் குடேன்."

கறுப்பு நூல் இல்லாததால் நீல நூலால் தைத்தாள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அறுப்புக்குப் போனான்.

அதற்குப் பிறகு ஓனோரா அவளோடு பேசவில்லை. கோவிலில் பார்த்தாலும் முகம் திருப்பிக்கொள்வாள். ஆகஸ்டில் எல்லா வயலும் சேர்ந்து அழுகியபோது, அதிர்ஷ்டத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாளே, அதை வேகவைத்துத் தின்னட்டும் என்று ஓனோரா யாரிடமோ சொன்னதாக நாப்லாவின் காதுக்கு வந்தது. சொல்லியிருக்க மாட்டாள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஓனோராவின் நாக்கு அப்படிப்பட்டதுதான்.

அன்று மத்தியானம் சிப்பியையும் காஞ்சொறிக் கீரையையும் ஒரு பிடி மக்காச்சோள மாவோடு கொதிக்கவைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, நாப்லா மூடிபோட்ட சட்டியில் கங்கை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள். மறுநாள் மே ஒன்று. கொடுப்பதென்றால் இன்றே கொடுக்க வேண்டும். ஓடையில் ஆறு கல் கிடக்கும், தாவித் தாவிப் போகலாம். மூன்றாவது கல்லில் நின்றபோது அக்கரை வீட்டிலிருந்து ஓனோரா வெளியே வந்து, இவளைப் பார்த்துவிட்டு, கோழியில்லாத முற்றத்தில் கோழியை விரட்டுகிற மாதிரி துணியை உதறிவிட்டு உள்ளே போனாள்.

நாப்லாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கல்மேல் நின்று யோசித்தாள். நாளைக்கு எப்படியும் யாரும் வர மாட்டார்கள். வீட்டை இடிக்கிறவனும் கூலிக்காரன்தானே, கத்தோலிக்கன்தானே, மே மாதம் முதல் நாள் அடுத்தவன் அடுப்பைத் தொட எவனுக்குத் தைரியம் வரும்? தொட்டால் தொட்டவன் கை அழுகிப் போகும் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ரெண்டாம் தேதிதான் வருவார்கள். ரெண்டாம் தேதி விடிகாலையில் கொடுத்துக்கொள்ளலாம். அதற்குள் ஒரு ராத்திரி கிடைக்கும். ஒரு ராத்திரியில் என்னவெல்லாமோ நடக்கலாம். ஃபெஸ்டியேகூட மேட்டில் வந்து நிற்கலாம்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது, அந்த ஊர்க்காரர்களுக்குள். ஆனால் அந்தக் கணக்கைக் காரியஸ்தரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் கடல் தாண்டி வந்தவர். அவருக்கு மே ஒன்று என்றால் குத்தகை கட்டுகிற தவணை நாள், அவ்வளவுதான். நாப்லா திரும்பி வந்து கங்கைப் பழையபடி அடுப்பில் போட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அமீனா வந்துவிட்டார். கூடவே கடப்பாரை, கயிறு சகிதம் எட்டு ஆட்கள். பின்னால் ஒரு கழுதை வண்டி.

"நாளைக்குன்னுல்லா நெனச்சேன்," என்றாள் நாப்லா.

"நெனைக்கிறதுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல. சாமானை எடு."

சாமான் என்ன இருக்கிறது? ஒரு பானை, ஒரு முக்காலி, இரண்டு கம்பளி. ஊனா அதையெல்லாம் வண்டிக்குக் கொண்டுபோனாள். நாப்லா இடுக்கியை எடுத்து மூன்று கங்கைச் சட்டியில் போட்டாள். வேகமாக வாசலுக்கு வந்தாள். வாசற்படியில் வலது காலைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மே மாதம் முதல் நாள். அந்த வீட்டிலிருந்து இந்த நாளில் ஒரு பொறி வெளியே போனதில்லை. சாகக் கிடந்த பிள்ளைக்கு வெந்நீர் வைக்கக்கூடப் போகவில்லை. இன்று இவளே தூக்கிக்கொண்டு போனால், இந்த வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே அதிர்ஷ்டம், அந்த மனுஷன் எங்கோ உயிரோடு இருப்பது, அதுவும் கூடவே போய்விட்டால்? கால் இறங்கவில்லை. அவள் திரும்பிப் போய்க் கங்கை அடுப்பில் வைத்துவிட்டு வந்து அமீனாவின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, கூரையப் பிரிச்சுக்கோங்க. சுவர இடிச்சுக்கோங்க. அடுப்ப மட்டும் நாளைக்குக் காலம்பற வரைக்கும் விட்டுருங்க. நான் வெட்டவெளியில பக்கத்துல உக்காந்திருக்கேன்."

கடப்பாரைக்காரர்களில் ஒருவன், பக்கத்துப் பங்குக்கோவிலைச் சேர்ந்தவன், தொப்பியைக் கழற்றினான். "இன்னைக்கு நாள் அப்படி, ஐயா. தீயத் தொடாம இருந்தா எங்களுக்கும் நல்லது."

"தீ அணைஞ்சு, ஆள் வெளிய போனாத்தான் வீடு ஜமீன் கைக்கு வந்ததா அர்த்தம். இல்லன்னா நாளைக்கே வந்து உக்காந்துக்குவா. சட்டம் அது." சொல்லிவிட்டு அவரே வாளியைத் தூக்கினார். ஆட்களில் எவனும் தூக்கத் தயாராயில்லை.

அந்தச் சத்தத்தை நாப்லா சாகிறவரை மறக்கவில்லை. சீறிக்கொண்டு வெள்ளைப் புகை எழும்பி, வீடு முழுக்க நிறைந்து, அரைக்கதவுக்கு மேலாக வெளியே வந்தது. ஒட்டடை பிடித்த உத்திரத்திலிருந்து கரித்துளி சொட்டியது. எத்தனை தலைமுறைத் தீயோ, ஒரு வாளி ஓடைத் தண்ணீரில் போயிற்று. அவள் அழவில்லை. அடுப்பில் கைவிட்டு அளைந்தாள். ஒரு மூலையில், இன்னொரு மூலையில், அடியில். எல்லாம் கறுப்புச் சேறு. அதை அள்ளிச் சட்டியில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

"வண்டி எப்ப கெளம்பும்?" என்று கேட்டாள்.

"கூரை எறங்குனதும்."

அவள் ஓடைக்கு இறங்கினாள். ஆறு கல்லையும் தாண்டினாள். பின்னால் கடப்பாரைச் சத்தம் தொடங்கிவிட்டது. ஓனோரா அரைக்கதவின்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

"என்ன, மே மாசம் மொத நாளும் அதுவுமா சட்டியத் தூக்கிட்டு வந்திருக்க?"

வார்த்தை பிசகாமல் அதே வார்த்தை. நாப்லா தலையைக் குனிந்துகொண்டாள். வாங்க வேண்டியதுதான்.

"கேக்க வரலக்கா. குடுக்க வந்தேன். இப்பக் குடுக்கவும் ஒண்ணுமில்ல." சட்டியைச் சாய்த்துக் காட்டினாள். "நேத்தே வந்திருக்கணும். வந்தேன். நீங்க துணிய உதறுனீங்க."

"துணின்னா உதறத்தான் செய்வாக. நீ தாண்டி வந்திருக்க வேண்டியதுதான? நான் உள்ள போயி அடுப்புல எடம் ஒதுக்கிட்டு உக்காந்திருந்தேன், இவ வருவா வருவான்னு. எட்டிப் பாத்தா முதுகக் காட்டிட்டுப் போற."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு எதுதான் தெரிஞ்சுது." ஓனோரா அரைக்கதவின் கொண்டியை நீக்கினாள். "உள்ள வா. மே மொத நாளு வீட்டுக்கு வாரவள, அவ கையால அடுப்புல ஒரு கட்டி வைக்கச் சொல்லாம அனுப்பக் கூடாது."

நாப்லா உள்ளே போனாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் போகிறாள். ஓனோராவின் புருஷன் படுத்திருந்த கட்டில் இல்லை, அவனும் இல்லை. சின்னவள் இல்லை. வெறும் வீடு. நடுவில் அடுப்பு மட்டும் நிறைந்து எரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. மண்டியிட்டு விழுந்து அழுதாள்.

"எல்லாரு தீயும் இருக்கு. என்னுது மட்டும் போச்சே. மேட்டுல வந்து நின்னு பாப்பாரே. என்னத்தப் பாப்பாரு? என் கையால அணைச்ச மாதிரிதான அக்கா? வாசப்படி வரைக்கும் கொண்டு வந்தேன். பாவி, திருப்பிக் கொண்டு வச்சேன்."

ஓனோரா கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு பக்கத்தில் குந்தினாள்.

"அழுது முடிச்சுட்டியா? உன் தீ அணைஞ்சுட்டுன்னு யாரு சொன்னா?"

"நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஒரு அடுப்புல ஊத்துனான். அதத்தான் பாத்தேன். இங்க கெடக்குல்லா, இது யாரு தீன்னு நெனைக்க? அன்னைக்கு நீ கதவத் தெறக்கலன்னதும் நான் ஓடையத் தாண்டி வந்து இதே எடத்துல உக்காந்து, ஈரச் சாம்பலப் பாத்துக்கிட்டு இருந்தேன். உன் மாப்பிள வந்தான். கையில ஒண்ணுமில்ல. கோட்டுப் பைக்குள்ள கைய விட்டு, கொதிக்குது கொதிக்குதுன்னு குதிச்சுக்கிட்டே குழாய எடுத்தான். குழாய் வாயில சுண்டைக்காய் அளவு கங்கு. புகையிலைக்கு மேல வச்சு, நீ பாத்துருவேன்னு பையில ஒளிச்சுக் கொண்டு வந்திருக்கான், மடப்பய."

நாப்லாவின் அழுகை நின்றுவிட்டது.

"ரெண்டு பேரும் குனிஞ்சு கெடந்து ஊதுனோம். மூச்சு முட்ட ஊதுனோம். வைக்கோலுல பத்தி, கரிமண்ணுல பத்திச்சு. வெந்நி வச்சேன். சின்னவ அன்னைக்குப் பொழச்சா. அடுத்த வருஷம் காய்ச்சல்ல போனா, அது வேற. அன்னைக்குப் பொழச்சா."

"எங்கிட்ட ஒரு வார்த்த..."

"சொல்லாதன்னான். 'சொன்னேன்னா மாடு ஒதைச்சாலும் பால் திரிஞ்சாலும் ஆயுசுக்கும் என் தலையத்தான் உருட்டுவா'ன்னான். அப்புறம் கெழங்கு அழுகிச்சு. அப்பச் சொன்னா நீ என்ன நெனைப்ப? இவன் தீயக் குடுத்ததுனாலதான் அழுகிச்சுன்னுதான நெனைப்ப?"

நாப்லாவுக்கு அந்த நினைப்பு ஒரு கணம் வந்துதான் போனது. வராமல் இருந்திருந்தால் அவள் அந்த ஊர்க்காரியே இல்லை. குடுத்துட்டானே, வீட்டு அதிர்ஷ்டத்தை எடுத்துக் குடுத்துட்டானே என்று நெஞ்சு ஒரு தரம் திடுக்கென்றது.

ஓனோரா அவள் முகத்தைப் பார்த்தாள். "குடுக்காத பதிமூணு வீட்டுலயும் அழுகிச்சுட்டி. அத நெனச்சுக்க."

"அப்ப ஏன் எங்கிட்ட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனீங்க? தீதான் கெடச்சுட்டே."

"அவன் குடுத்தான். நீ குடுக்கலயே. அந்தக் கோவம் எனக்கு அப்படியேதான் இருந்துச்சு. இன்னைக்கும் கொஞ்சம் இருக்கு." ஓனோரா மூக்கைச் சிந்தினாள். "கான் வீட்டுத் தீ, பேடன் வீட்டுத் தீன்னு எல்லாம் இது மேலதான் வந்து சேந்துச்சு. அடியில கெடக்கது உன்னது. ஒரு நாள் அணைய விடல. இனிமேயும் விடமாட்டேன், கையில தெம்பு இருக்க மட்டும்."

நாப்லா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் அவள் சதுப்பில் முதுகொடிந்து காப்பாற்றிய தீ, ஓடைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி திட்டிக்கொண்டே காப்பாற்றிய தீயாகவும் இருந்திருக்கிறது. அவன் குனிந்து ஊதியிருப்பான். ஊதும்போது அவனுக்கு இடது கண் மட்டும் மூடிக்கொள்ளும். அது ஞாபகம் வந்ததும் அவளுக்கு அவனை இப்போதே, இந்த நிமிடமே பார்க்க வேண்டும் போலிருந்தது. இரண்டு வருடமாய் அவனை நினைக்கும்போதெல்லாம் மேட்டில் நிற்கிற நிழலாகத்தான் வருவான். இப்போது பக்கத்தில் வந்து குந்தியிருந்தான், தீய்ந்த துணி வாடையோடு.

ஓடைக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டு உத்திரம் முறிகிற சத்தம் கேட்டது. பிறகு வண்டிக்காரன் கூப்பிட்டான். ஊனாவும் கூப்பிட்டாள்.

நாப்லா மூலையிலிருந்து ஒரு கரிமண் கட்டியை எடுத்து, தன் வீட்டு அடுப்பில் வைக்கிற மாதிரியே, ஓரமாய்ச் சாய்த்து வைத்தாள். கொண்டுவந்த ஈரச் சாம்பலை ஒரு பிடி அடுப்பின் விளிம்பில் போட்டாள்.

"அவன் வந்தா என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள் ஓனோரா. வந்தால் என்று சொல்லும்போது குரலைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

என்னென்னவோ சொல்ல வேண்டியிருந்தது. கனடா என்று சொல்ல வேண்டும். பிள்ளை உயிரோடிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். நாப்லா வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க போயிருக்கோம்னு சொல்லுங்க. அப்புறம்... அந்தக் கோட்டுப் பையில நான் நீல நூலுல போட்ட தையல் இன்னும் இருக்கான்னு கேளுங்க."

"இல்லன்னா?"

"பிரிஞ்சிருக்காது. ரெட்டைத் தையல்."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. அந்தப் பழக்கம் அவர்களுக்கு இல்லை. ஓனோரா வேக வைத்திருந்த காஞ்சொறியைத் துணியில் முடிந்து அவள் கையில் திணித்தாள். நாப்லா வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

வண்டி மேட்டில் ஏறும்போது மத்தியானமாகிவிட்டது. மழை விட்டிருந்தது. மேட்டு உச்சியில் கழுதை மூச்சு வாங்க நின்றது. ஃபெஸ்டி வந்து நிற்பேன் என்று சொன்ன இடம் அதுதான். நாப்லா இறங்கி நின்று கீழே பார்த்தாள். பதினாலு மண்மேடு. அதில் எது தன்னுடையது என்று இப்போதே அடையாளம் தெரியவில்லை. ஓடைக்கு அக்கரையில் ஒரே ஒரு புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

"அம்மா, அது பெரியம்மை வீட்டுப் புகைதான?" என்றாள் ஊனா.

"நம்ம வீட்டுப் புகை," என்றாள் நாப்லா. "திமிரப் பாரு அதுக்கு."

பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டிக்காரன் ஏறு ஏறு என்றான். அவள் ஏறவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.